பின்பக்கம் பார்க்கவும்

அந்தக் கதவு இருந்த காலத்தில் ஆய்வு அறையிலிருந்து சமையலறைக்கு நான்கு எட்டில் போய்விடலாம். கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பிய பிறகு, பட்டறையின் முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, பக்கத்துச் சந்தில் திரும்பி, வீட்டு வாசலேறிக் கூடத்தைத் தாண்ட வேண்டும். நூற்றுப் பதினெட்டு காலடி. அக்கா எண்ணி வைத்திருந்தார். எதையும் எண்ணாமல் விடுகிறவர் இல்லை.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மரப்பெட்டியோடு அந்தப் பட்டறைக்குப் போய், அவர்களுடைய மைக்ரோமீட்டர்களையும் டயல் கேஜ்களையும் என்னிடமிருக்கும் எஃகுக் கட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. அதனால் அங்கே எனக்கு ஸ்டிக்கர் தம்பி என்று பெயர். அக்காவுக்கு மைக்ரான் அக்கா. தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் வரும் அளவுக்குள் ஒரு பொருள் கூடுதலா குறைவா என்று சொல்கிறவர். அவர் கணவரை எல்லோரும் அண்ணன் என்றார்கள். அண்ணனும் வேலைக்காரர்கள் ஒன்பது பேரும் லேத்தில் கடைந்து கொடுப்பதை அக்கா அளந்து, தன் முத்திரையைக் குத்தினால்தான் பொருள் பெட்டிக்குள் போகும். முத்திரை என்றால் விரல்நுனி அளவு வட்டம், நடுவில் 4 என்ற எண். அந்த எண் அவர் ஒருவருக்கு மட்டும் உரியது.

அவர்கள் செய்தது விமானத்துக்கான சின்னச் சின்ன உருப்படிகள். முழு விமானத்தை அந்தப் பட்டறையில் யாரும் கிட்டத்தில் பார்த்ததில்லை. 'பெரிய கம்பெனி' என்று அவர்கள் சொல்லும் இடத்திலிருந்து வரைபடம் வரும். புஷ் எனப்படும் துளையுள்ள வளையம், பின், வாஷர் என்று செய்து அனுப்புவார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் செய்யும் தொகுதிக்கும், ஒரு ரூட் கார்டு உண்டு. தடித்த மஞ்சள் அட்டை. கம்பி எந்த உலையில் வார்த்தது, யார் கடைந்தது, யார் அளந்தது எல்லாம் அதில் ஏறும். பொருள் போன பிறகும் அட்டை பட்டறையிலேயே இருக்க வேண்டும், பல வருடங்களுக்கு. மனிதர்கள் செத்தாலும் அட்டை சாகக்கூடாது என்பார் அண்ணன்.

அட்டையின் முன்பக்கத்தில் கடினத்தன்மைக்கு ஒரே ஒரு வரிதான் அச்சிட்டிருந்தது: சரி, சரியில்லை. ஏதாவது ஒன்றில் டிக் அடித்தால் போதும். அக்காவுக்குப் போதாது.

"சரின்னா என்ன சரி? நாப்பதும் சரி, நாப்பத்தி நாலும் சரி. நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன சொல்றது, சரியோ சரின்னா?"

அதனால் ஒவ்வொரு உருப்படியின் எண்ணையும் அதன் அளவையும் அட்டையின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதுவார். பிறகு முன்பக்கத்தின் அடியில், மறக்காமல், தன் சாய்ந்த கையெழுத்தில் 'பின்பக்கம் பார்க்கவும்' என்று எழுதி முத்திரை குத்துவார். நான் பார்த்த வரையில் அந்த இரண்டு சொல் இல்லாமல் ஓர் அட்டையும் இரும்பு அலமாரிக்குள் போனதில்லை.

கதவின் வழியாக டீ வரும். ஆய்வு அறையில் இருபது டிகிரி குளிர். பதினொரு மணிக்குக் கதவு திறந்ததும் அடுப்புச் சூடும் வெங்காயம் வதங்கும் வாசனையும் உள்ளே பாயும். "மூடு மூடு, புஷ்ஷெல்லாம் வீங்கிடும்" என்று அண்ணன் கத்துவார். டிகிரிக்கு எத்தனை மைக்ரான் வீங்கும் என்று அக்கா சொல்வார். அவர்கள் மகள் அந்த வாசற்படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். பாதி உடம்பு குளிரில், பாதி உடம்பு சூட்டில். எனக்கு அந்தப் பட்டறை என்றால் இன்றும் நினைவுக்கு வருவது அந்தப் படிதான்.

படி போனது பாதுகாப்புத் தணிக்கையின்போது. பெரிய கம்பெனி எல்லாச் சிறு பட்டறைகளுக்கும் ஆள் அனுப்பியது. வரைபடங்கள் வெளியே போகின்றன, யார் யாரோ திருடுகிறார்கள், இனி எல்லாம் பூட்டுக்குள் இருக்கவேண்டும் என்றார்கள். வந்தவர் ஆய்வு அறையின் நடுவில் நின்று, திறந்த கதவு வழியாகச் சமையலறையைப் பார்த்தார்.

"அங்கேர்ந்து பாத்தா வரைபடம் தெரியுமே."

"சார், எங்க வீட்டுப் பூனைக்கு வரைபடம் படிக்கத் தெரியாது" என்றார் அண்ணன்.

வந்தவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் அந்த இடத்தில் செங்கல் ஏறியது.

காகிதங்களின் பொறுப்பை அண்ணனுடைய தம்பி எடுத்துக்கொண்டார். கம்பிக்கூண்டுக்குள் பூட்டு போட்டு ஒரு சர்வர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தவர் அவர். அன்றிலிருந்து அவர் பெயரே சர்வர். லேத்துக்காரர்கள் அவரைக் கண்டால் "சர்வர், சூடா ரெண்டு டீ!" என்று குரல் கொடுப்பார்கள். அவரும் சளைக்காமல் "மேசையத் துடைச்சு வைங்கடா" என்பார். சிரத்தையான ஆள். இருபத்தைந்து வருடத்து அட்டைகளை மூன்று வாரம் நின்று ஸ்கேன் செய்தார். எல்லாம் சங்கேதத்தில் பூட்டி, ஒரு பிரதியை வேறு ஊரில் இன்னொரு இயந்திரத்தில் வைத்தார். பிறகு, தணிக்கைக்காரர் கொடுத்த பட்டியலில் சொன்னபடி, காகிதங்களையெல்லாம் நறுக்கும் இயந்திரத்தில் கொடுத்தார். மஞ்சள் நூல் நூலாகப் பதினேழு மூட்டை.

அந்த மூன்று வாரமும் அக்கா ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தார். அதில் துடைப்பமும் பெயிண்ட் டப்பாவும் இருந்தன. அதை மூடிவிட்டு, தணிக்கைக்காரர் விட்டுப்போன உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டாராம்: தொழிற்கூடத்துக்கு வெளியே எந்த ஆவணத்தின் பிரதியும் என்னிடம் இல்லை.

நான்கு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பழைய லாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கேட்ட நாளில் நான் அங்கே இருந்தேன். காலையிலிருந்து மழை. தகரக்கூரையில் விழும் சத்தத்தில் லேத்தின் சத்தமே அமுங்கிப்போயிருந்தது. நான் ஆய்வு அறையில் மைக்ரோமீட்டர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் ஒரு தட்டு வாஷர்களை அளந்துகொண்டிருந்தார். சர்வர் கையில் ஒரு தாளோடு உள்ளே வந்தார்.

"அண்ணி, பெரிய கம்பெனி மெயில். இருபத்தி மூணு வருஷத்துக்கு முந்தின லாட்டு ஒண்ணு கேக்கறாங்க. சக்கரக்கால் மூட்டு புஷ். அறுபத்தி நாலு."

"அறுபத்தி மூணு" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

"மெயில்ல ஆர்டர் அறுபத்தி நாலுன்னு போட்டிருக்கு."

"ஆரம்பிச்சது அறுபத்தி நாலு. போனது அறுபத்தி மூணு. எதுக்குக் கேக்கறாங்க?"

அண்ணனும் கைகளைத் துடைத்தபடி வந்துவிட்டார். சர்வர் படித்துக் காட்டினார். ஒரு விமானத்தில், தரையிறங்கும்போது சக்கரக்கால் மடங்கும் மூட்டில், ஒரு புஷ் நசுங்கி விரிசல் விட்டிருந்தது. இவர்கள் செய்ததில்லை, அதே வரைபடத்துக்கு வேறொரு பட்டறை செய்தது. சோதித்தால் உருப்படி மென்மையாக இருந்திருக்கிறது. எனவே அந்தப் புஷ்ஷை யார் செய்திருந்தாலும், ஒவ்வொன்றின் கடினத்தன்மையும் எண் வாரியாக ஐந்து நாளுக்குள் வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த லாட்டு பூட்டிய பதினோரு விமானங்களையும் நிறுத்தி, காலைக் கழற்ற வேண்டும். பதிவேடு வைக்கத் தவறிய பட்டறையின் அங்கீகாரம் ரத்தாகும். அங்கீகாரம் போனால் பட்டறை போனமாதிரிதான். வேறு வேலைக்கு அவர்களிடம் ஆர்டர் கிடையாது.

"இதுக்கேன் மூஞ்சிய தொங்கப்போடறே? எடுத்துக் குடு" என்றார் அண்ணன்.

"தொங்கப்போடலையே. ரெண்டே நிமிஷம். பேப்பரா இருந்தா ரெண்டு நாள் தேடியிருப்பீங்க." சர்வர் உற்சாகமாகக் கணினியில் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மஞ்சள் அட்டை திரையில் வந்தது. கம்பியின் உலை எண், அண்ணனின் கையெழுத்து, நீல முத்திரை, உள்ளே 4. கடினத்தன்மை: சரி. அடியில் சாய்ந்த எழுத்து.

"திருப்பு" என்றார் அக்கா.

சர்வர் அடுத்ததை அழுத்தினார். வேறொரு அட்டை வந்தது.

"இது வேற லாட்டு. அதோட பின்பக்கம் காட்டு."

"பின்பக்கம்..."

"ஆமா. எழுதியிருக்கே."

சர்வரின் விரல் மறுபடி அழுத்தியது. அடுத்த அட்டை. அதன் அடியிலும் 'பின்பக்கம் பார்க்கவும்'. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக அக்காவின் எழுத்து எதிரே வந்து அதையே சொல்லிவிட்டுப் போனது. பத்துப் பதினைந்துக்குப் பிறகு சர்வர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மிஷின் ஒரு பக்கம்தான் எடுக்கும் அண்ணி. நான்... திருப்பிப் பாக்கல."

"எத்தனை கார்டு?"

"மூவாயிரத்து நானூறு."

"மூவாயிரத்து நானூறு தடவை எழுதி வெச்சிருக்காளேடா!" அண்ணன் திரையை விரலால் தட்டினார். "கண்ணாடி போட்டிருக்கியே, எதுக்குடா அது, அழகுக்கா?"

"விடுங்க" என்றார் அக்கா. கையிலிருந்த வாஷரைத் தட்டில் வைத்தார். வைத்த இடம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். "பட்டியல்ல ரெண்டு பக்கமும்னு போட்டிருந்தானா அந்த ஆளு? இல்ல. அவன் சொன்னதை இவன் செஞ்சான்."

பிறகு அவர் எழுந்து வெளியே போனார். குடை வாசலிலேயே சாய்ந்திருந்தது. அதை எடுக்கவில்லை. நூற்றுப் பதினெட்டு காலடியும் மழையில் நடந்து போனார்.

சாப்பாட்டு நேரத்துக்கு நானும் அண்ணனும் போனோம். வழக்கமாக நாங்கள் போவதற்குள் தட்டு வைத்திருப்பார். அன்று மேசைமேல் சோற்றுப் பானையும் அவித்த முட்டையும் மூடியபடி இருந்தன. நடுவில் துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டப்பா. அக்கா ஈரத் தலையைத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் டப்பாவைத் திறந்தார். உள்ளங்கை அளவு நோட்டுகள், ரப்பர் பேண்டு போட்டு வரிசையாக.

"இதெல்லாம் எங்க இருந்துச்சு?"

"தையல் மிஷினுக்கு அடியில."

அண்ணன் ஒன்றை எடுத்துப் புரட்டினார். எனக்கு அது என்ன என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பட்டறையில் கடினத்தன்மை பார்க்கும் இயந்திரம் வாங்குவதற்கு முந்தைய காலம் அது. இரண்டு தெரு தள்ளி, எஃகைக் காய்ச்சிப் பதப்படுத்தும் உலைக்கூடத்தில் ஓர் இயந்திரம் இருந்தது. அக்கா உருப்படிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு அங்கே போவார். ஒவ்வொன்றாக வைத்து, கைப்பிடியை இழுத்து, முள் நிற்கும் எண்ணைக் கைப்பை நோட்டில் குறித்துக்கொண்டு வருவார். திரும்பி வந்த பிறகுதான் அட்டையின் பின்பக்கத்தில் ஏற்றுவார். அட்டைதான் ஆவணம், நோட்டு வெறும் குறிப்பு. அந்த நோட்டுகள்தான் இவை.

"உறுதிமொழியில கையெழுத்துப் போட்டியே, அப்ப இது ஞாபகம் வரலையா?"

அக்கா முட்டையின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

"வந்துச்சு."

"வந்துமா போட்டே?"

"அலமாரியத் தொறந்தா பெயிண்ட் டப்பா இருக்கு. இருபத்தஞ்சு வருஷம் எழுதினது அத்தனையும் நூல் நூலாப் போயிடுச்சு. இதுவும் போகணுமான்னு இருந்துச்சு. மனசு வரல. போட்டுட்டேன்."

அண்ணன் அடுத்த நோட்டை எடுத்தார். எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. "தம்பி, நீ உக்காந்து சாப்பிடு, ஆறுது" என்றார் அக்கா. தட்டு வைத்தார். அதற்குள் அண்ணன் ஒன்பதாவது நோட்டில் அந்தப் புஷ்ஷைக் கண்டுபிடித்திருந்தார்.

அந்தப் பக்கத்தை, உருப்படி எண்ணும் அதன் அளவுமாக, அவர் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பதினேழு, நாற்பத்தொன்று. பதினெட்டு, நாற்பத்தொன்றரை. பத்தொன்பது, நாற்பத்திரண்டு. பாப்பா, நூற்றொன்று புள்ளி நாலு.

"இது என்ன நூத்தி ஒண்ணு?"

"காய்ச்சல். அன்னைக்கு வீட்டுல விட ஆள் இல்ல. தூக்கிட்டுப் போனேன். மிஷின் பக்கத்துல ஸ்டூல்ல உக்கார வெச்சேன்."

"அந்த உலைக்காரன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவன்தான் கம்பளி குடுத்தான். உலைப் பக்கம் கதகதன்னு இருந்துச்சா, தூங்கிட்டா."

இருபது, நாற்பத்தொன்று. இருபத்தொன்று, நாற்பத்திரண்டு. சோப்பு, தீக்குச்சி, இவருக்குப் பனியன். பாப்பா, நூறு புள்ளி எட்டு. அண்ணன் படித்துக்கொண்டே போனார். முப்பத்தேழாவது உருப்படியில் நின்றார். முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தைந்தரை என்று மூன்று முறை எழுதி, எதிரே 'அறுத்தாச்சு' என்றிருந்தது.

"அதுதான் அந்த ஒண்ணு" என்றார் அக்கா. "உலையில மூலையில மாட்டிக்கிட்டிருக்கும், சூடு ஏறல. ரெண்டாப் பிளந்து போட்டேன். நீங்க அன்னைக்குப் பூரா என்கிட்ட பேசல."

"பின்ன? அந்த ஒண்ணுக்கு ரெண்டு மணி நேரம் கடைஞ்சிருந்தேன்."

"பேசாம இருந்துட்டு, கடைசியில வந்து 'பனியன் வாங்கினியா'ன்னு கேட்டீங்க."

அண்ணன் சிரித்துவிட்டார். அந்தப் பக்கத்தின் அடியில், பென்சிலில், கோணலாக ஒரு வட்டம். அதற்குள் இன்னொரு வட்டம்.

"பாப்பா எழுந்ததும் வரைஞ்சா. மேல இருந்து பாத்தா புஷ் அப்படித்தான இருக்கும். 'அம்மா நானும் எழுதிட்டேன், முத்திரை குத்து'ன்னா. முத்திரை கைல இல்ல. பட்டறையில இருந்துச்சு. அழுதா."

மழை விட்டிருந்தது. மூன்று பேரும் அவரவர் முட்டையை உரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த நாளிலேயே இருந்தோம். உலைக்கூடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அந்த உலைக்காரரை எனக்கும் தெரியும். அவருடைய இயந்திரத்தையும் நான்தான் சரிபார்த்து வந்தேன். புருவம் பொசுங்கிய மனிதர். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியாது.

சர்வர் வந்து கூடத்து நாற்காலியில் உட்காராமல் நின்றார். சாப்பிட மாட்டேன் என்றார். நோட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் இரத்தம் திரும்பியது. எங்கே இருந்தது என்று தெரிந்ததும் மறுபடி போய்விட்டது. வெளியே போனார். கால்மணி நேரத்தில் ஒரு கட்டோடு வந்தார். பரணில் கிடந்த பழைய ரூட் கார்டுகள், எழுதாதவை, மஞ்சள் நிறம் ஓரத்தில் பழுத்துப்போனவை.

"அண்ணி, கோவிச்சுக்காம கேளுங்க. நோட்டை வெளிய காட்டவே வேணாம். இந்த கார்டுல பின்பக்கம் நீங்க எழுதுங்க. அதே நம்பர். அதே கை. நீல இங்க் பேனாவும் இருக்கு. ஸ்கேன் பண்ணி அந்த லாட்டோட சேத்துடறேன். பேப்பர் அழிஞ்சாச்சு, யார் பாக்கப் போறா?"

அக்கா கட்டின் மேலிருந்த அட்டையை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நம்பர் எல்லாம் நிஜம். எழுதறவங்க நிஜம். இதுல எது அண்ணி பொய்?"

"தேதி" என்றார் அக்கா.

சர்வர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் தட்டைப் பார்த்தார்.

"நீயாச்சும் சொல்லுண்ணே. நோட்டை அனுப்பினா இவங்க பொய்க் கையெழுத்துப் போட்டது தெரிஞ்சிடும். முத்திரையப் பிடுங்கிடுவாங்க. முப்பது வருஷம் இந்த வேலை பாத்தவங்க. தப்பு பண்ணினது நான், முத்திரை போறது இவங்களுதா?"

"ஒன்பது பேர் இருக்காங்க" என்றார் அண்ணன் மெதுவாக. யார் பக்கம் பேசுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. "அவன் சொல்றதும்... நம்பர் நிஜந்தானே?"

"நோட்டை அனுப்பினா போறது என் முத்திரை மட்டும். கார்டை எழுதி அனுப்பி, என்னைக்காச்சும் கண்டுபிடிச்சான்னா, நான் இதுவரைக்கும் குத்தின ஒவ்வொண்ணையும் சந்தேகப்படுவான். அப்புறம் எதைக் காட்டி நிரூபிப்பீங்க? புஷ்ஷு வாயத் தொறந்து சொல்லுமா?" அட்டையைக் கட்டின்மேல் வைத்து விளிம்பைத் தட்டிச் சமப்படுத்தினார். "நீ ஒரு பக்கத்தை விட்டே. நான் ஒரு டப்பாவை மறைச்சேன். அவங்கவங்க செஞ்சதை அவங்கவங்க சொல்லுவோம். சாப்பிடு. ரெண்டு முட்டை இருக்கு."

சர்வர் உட்கார்ந்தார். முட்டையை உரிக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வாங்கி உரித்துக் கொடுத்தார்.

கடிதத்தை அக்காவே எழுதினார். அரைப் பக்கம். மூன்றாம் நாள் பெரிய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தரப் பொறியாளர், நாற்பது வயதுப் பெண். மற்றவர் பாதுகாப்பு அதிகாரி, அதிர்ந்து பேசாத மனிதர். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். உலைக்காரரின் இயந்திரத்தை அந்த வருடம் நான் சரிபார்த்ததற்கான சான்று எங்கள் அலுவலகக் கோப்பில் கிடைத்தது. அதன் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக் கொண்டு போனேன்.

பொறியாளர் நோட்டை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அவர்களுடைய கிடங்கில் அந்த லாட்டின் ஆறு புஷ்கள் பூட்டப்படாமல் மிச்சமிருந்தன. அவற்றைச் சோதித்த தாள் அவர் கையில் இருந்தது.

"எங்ககிட்ட முப்பத்தேழு நம்பரே இல்லை. எந்த விமானத்திலும் இல்லை. ஏன்னு தெரியாம இருந்தோம்."

"அறுத்தாச்சும்மா" என்றார் அக்கா.

"இங்க நூத்தி ஒண்ணுன்னு..."

"பொண்ணுக்குக் காய்ச்சல்."

பொறியாளர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் தாளையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து ஆறு எண்களை ஒப்பிட்டார். ஐந்து அப்படியே இருந்தன. ஒன்றில் அரை வித்தியாசம். "இதை இப்ப உக்காந்து யாரும் எழுத முடியாது" என்று தன் கூட வந்தவரிடம் சொன்னார். "பனியனையெல்லாம் யோசிச்சு எழுத மாட்டாங்க."

பதினோரு விமானங்களும் கழற்றாமல் பறக்கலாம் என்று ஆயிற்று. பட்டறையின் அங்கீகாரத்துக்கு எச்சரிக்கையோடு சரி. மற்ற அட்டைகளின் பின்பக்கங்கள் எப்போதாவது தேவைப்பட்டால் அந்தந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு பாதுகாப்பு அதிகாரி பிஸ்கட் டப்பாவைத் தன்பக்கம் நகர்த்தினார். நோட்டுகளை எண்ணினார். இருபத்திரண்டு.

"இது அத்தனையும் எங்ககிட்ட வந்தாகணும்."

"வீட்டு விஷயமெல்லாம் இருக்கே சார். அந்தப் பக்கங்களை மட்டும்..."

"கிழிச்சா அப்புறம் அது ஆவணம் இல்லம்மா."

"எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க?"

"கடைசி புஷ் பறக்கறதை நிறுத்தற வரைக்கும். அதுக்கு மேல பத்து வருஷம். தீப்பிடிக்காத அறை. பயப்படாதீங்க."

"கேட்டுக்க" என்றார் அண்ணன் அக்காவிடம். "நம்ம சோப்பு லிஸ்ட்டு நம்மளைத் தாண்டி இருக்கப்போவுது."

இந்த அதிகாரி சிரித்தார். சிரித்து முடித்ததும் முத்திரையைக் கேட்டார். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முத்திரைப் பதிவேட்டில், அதை முதன்முதலில் வாங்கிய நாளில் குத்திய வட்டத்துக்கு எதிரே, திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒருமுறை குத்திக் கையெழுத்திட வேண்டும். அக்கா மையைத் தொட்டுக் குத்தினார். முதல் வட்டத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தது. இரண்டாவது முனை தேய்ந்து, 4-இன் கால் கொஞ்சம் குட்டையாக விழுந்தது. அவர் குனிந்து இரண்டையும் பார்த்தார். கைலென்ஸை எடுக்கப் போனவர், எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

ஒரு வருடத் தடை. அந்த வருடம் முழுக்க அளப்பதற்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அக்கா லேத்துகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு, கடைந்த உருப்படிகளில் பிசிறு எடுத்தார். நான் போகும்போது ஆய்வு அறையிலிருந்து கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரியும். புது ஆய்வாளர் என்னிடம் ஒருமுறை மெல்லச் சொன்னார்: "அந்தம்மா கைல இருந்து வர்றதை அளக்கறதே வேஸ்ட் சார். முன்னாடியே விரல்ல தடவிப் பார்த்துட்டுத்தான் அனுப்புறாங்க." வருடம் முடிந்ததும் அக்கா தேர்வு எழுதி முத்திரை வாங்கினார். ஆனால் திருப்பி வாங்கிய எண்ணை மறுபடி யாருக்கும் தரமாட்டார்கள். அவர் இப்போது 9.

அந்தப் பழைய நோட்டின் நகல் ஒன்று வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டிருந்தார். எட்டு மாதம் கழித்து வந்தது. நான் போயிருந்த நாளில்தான் தபால் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட பிரதி. தொழில் சார்ந்த விவரங்கள் மறைக்கப்பட்டுள்ளன.'

சமையலறை மேசையில் பிரித்தார். கதவு இருந்த இடத்துச் சுவரில் இப்போது காலண்டர் மாட்டியிருந்தது. முதல் தாளை எடுத்ததும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அதிலும் நகல் எடுத்திருந்தார்கள்.

"கத்துக்கிட்டாங்க" என்றார் சர்வர்.

எண்களின்மேல் எல்லாம் கறுப்புப் பட்டை. பதினேழிலிருந்து பத்தொன்பது வரை ஒரு கறுப்பு. பிறகு பாப்பா, நூற்றொன்று புள்ளி நாலு. மறுபடி கறுப்பு. சோப்பு, தீக்குச்சி, இவருக்குப் பனியன். கறுப்பு. பாப்பா, நூறு புள்ளி எட்டு. அன்றைய நாளில் வேலையை எல்லாம் எடுத்துவிட்டு வீட்டை மட்டும் விட்டிருந்தார்கள். அக்கா விரலால் கறுப்புப் பட்டையைத் தொட்டு, "இருபது, நாப்பத்தி ஒண்ணு. இருபத்தொண்ணு, நாப்பத்தி ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"சத்தமா சொல்லாதே, ரகசியம்" என்றார் அண்ணன்.

பக்கத்தின் அடியில் விரல் நின்றது. அங்கே கோணல் வட்டங்கள் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு கறுப்புக் கட்டம். ஓரத்தில் அந்த அதிகாரியின் நேர்த்தியான எழுத்தில் காரணமும் போட்டிருந்தது: 'உருப்படியின் வரைபடம்.' பக்கத்தில் தேதி. அதன்மேல் முத்திரை.

அக்கா தாளைக் கிட்டத்தில் இழுத்து அந்த முத்திரையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மகளுக்குப் போட்டார்.

"அம்மாதான். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். ஒரு விஷயம் சொல்லணும்." விரல் அந்த முத்திரையின்மேல் இருந்தது. "அன்னைக்கு முத்திரை குத்தலன்னு அழுதியே. குத்தியாச்சும்மா."